திருகோணமலைக்குப் போகாத லொறி

இலங்கையைச் சுற்றிவரப் புறப்பட்ட நாங்கள் மூன்று பேரும் மாத்தளை மாவட்டத்தின் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. தாண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இந்த வயதிலும் எனக்குப் பயம் வருகிறது.

மூன்று பேர் என்றால் என் கூட்டாளி, அவனுடைய மாமா மகன், நான்.

கூட்டாளியும் நானும் உக்குவளையில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள். வாப்பா படுக்கையில் விழுந்ததும் நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அவன் இன்னும் கொஞ்சக் காலம் போய்விட்டு, பிறகு அவனுடைய வாப்பா ஏலத்தில் எடுத்த லொறியில் ஏறினான். யுத்த காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் பாவித்த லொறி அது. மாத்தளையிலிருந்து கருவாடு, மண்ணெண்ணெய், மா, சீனி எல்லாம் நாவுலக் கடைகளுக்குக் கொண்டு போவோம். வரும்போது மரக்கறியும் செத்தல் மிளகாயும் ஏற்றி வருவோம். ஏற்றுவதும் இறக்குவதும் கணக்கை மனத்தில் வைத்திருப்பதும் என் வேலை. இன்னொரு வேலையும் இருந்தது. லொறியின் இடது கதவுக்குக் கொளுக்கி இல்லை. வளைவுகளில் அது திறந்துகொள்ளாமல் முழங்கையால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். பல வருடங்கள் அப்படிப் பிடித்தே வந்திருக்கிறேன். அந்த ஆசனத்தின் பஞ்சில் என் உடம்பின் பள்ளம் பதிந்திருந்தது. வேறு யாராவது அதில் உட்கார்ந்தால் எனக்கு என்னவோ செய்யும்.

மாமா மகன் திருகோணமலையிலிருந்து வந்தான். அங்கே வெள்ளைக்காரனின் கப்பல் தளத்தில் வேலை செய்தவன். தளத்தைக் கையளித்துவிட்டு வெள்ளைக்காரர் போனபின் வேலையும் போய்விட்டது. எங்களைவிட நாலைந்து வயது மூத்தவன். நான் "நானா" என்றுதான் கூப்பிட்டேன். நல்ல உயரம். சவரம் செய்த முகம். ஆங்கிலம் பேசுவான். போன வெள்ளைக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன பொருட்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன: திசைகாட்டி, மண்ணெண்ணெய் அடுப்பு, மூடியுள்ள தண்ணீர்ப் போத்தல்கள், பச்சைக் கித்தானில் ஒரு கூடாரம்.

கூட்டாளி என்னை "மச்சான்" என்று கூப்பிடுவான். எங்கள் பக்கத்தில் கூட்டாளிமார் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஆனால் இவன் உண்மையான மச்சான். எனக்குப் பழக்கத்தால் கிடைத்த சொல் அவனுக்குப் பிறப்பால் கிடைத்திருந்தது. "மச்சான்" என்று ஒரு குரல் வந்தால் நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம். அதில் அநேகமாக நான்தான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அவன் வந்த கிழமையே கதை தொடங்கிவிட்டது. திருகோணமலையில் மீன் குவிந்து கிடக்கிறது, ஐஸ் போட்டு மாத்தளைக்கும் கண்டிக்கும் ஏற்ற லொறிதான் இல்லை, கடற்கரைப் பக்கம் அவனுடைய வீடு வெறுமையாகக் கிடக்கிறது, மச்சான் லொறியோடு வந்து அங்கேயே தங்கிவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து செய்யலாம். இதை எனக்குப் பின்னால் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. என்னையும் வைத்துக்கொண்டே பேசினான். லொறியின் நடுவில் அவன், இடது கதவைப் பிடித்தபடி நான். "இரண்டு பேரும்" என்று அவன் சொல்லும்போது கூட்டாளியின் முகத்தைப் பார்த்தேன். அவன் மறுக்கவில்லை. "ஒருக்கா வந்து பாக்கத்தான் வேணும்" என்றான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு பயம்தான். இந்த லொறி ஒரு தடவை திருகோணமலையைக் கண்டுவிட்டால் திரும்பி வராது. லொறி வந்தாலும் கூட்டாளி வரமாட்டான்.

பெருநாள் கழிந்த கிழமை அது. நாவுலயில் சாமானை இறக்கிவிட்டோம். திரும்ப ஏற்ற மரக்கறி இல்லை. பாதிக் கடைகள் பூட்டியிருந்தன. கடைவாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது திருகோணமலைக்காரன் சொன்னான்:

"வெறும் லொறியோட வீட்டுக்குப் போய் என்னத்தச் செய்யப் போறீங்க? வாங்க, இலங்கைய ஒருக்கா சுத்திட்டு வருவம்."

கூட்டாளி சிரித்தான். சிரித்துவிட்டு லொறியின் டயர்களைச் சுற்றிப் பார்க்கப் போனான். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

உம்மாவிடம் சொல்லவில்லை, மாற்றிக் கட்டச் சாரமில்லை, எண்ணெய் கிடைக்குமோ தெரியாது, பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது என்று எனக்குத் தெரிந்த எல்லாத் தடைகளையும் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் திருகோணமலைக்காரனிடம் பதில் இருந்தது. எங்கே படுப்பது என்று கேட்டேன். லொறியின் பின்பக்கம் போய்ச் சாக்குகளை விலக்கிக் காட்டினான். கூடாரம் அங்கே கிடந்தது.

யோசிக்காமல் புறப்படும் பயணத்துக்குக் கூடாரம் எப்படி முன்கூட்டியே லொறியில் ஏறியது என்று கேட்டேன்.

"அது எப்பவும் என்னோடதான் ஈக்கும்" என்றான்.

நான் நம்பவில்லை. இன்றும் நம்பவில்லை.

மாத்தளை பஸ்ஸின் கொண்டக்டர் தெரிந்த ஆள். உக்குவளைக்கு யாராவது போனால் உம்மாவிடம் சொல்லச் சொன்னேன்: மகன் திருகோணமலைக்குப் போகிறான், இன்ஷா அல்லாஹ் வருவான். இந்தச் செய்தி ஒழுங்கைக்குப் போய்ச் சேரும்போது நான் கப்பல் ஏறிவிட்டேன் என்று ஆகியிருந்தது. உம்மா மூன்று நாள் அழுதிருக்கிறார். அது பிறகு தெரிந்த கதை.

நேராகத் தம்புள்ளைப் பாதையில் போயிருந்தால் அன்றே திருகோணமலையைப் பிடித்திருக்கலாம். போகாததற்குக் காரணம் கூட்டாளிதான். நாவுலப் பாதையில் வரும்போதெல்லாம் கிழக்கே நீலமாக ஒரு மலைத்தொடர் தெரியும். அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவனுக்குச் சின்ன வயது முதல் ஆசையாம். திருகோணமலைக்காரன் லொறியின் மூக்கில் வரைபடத்தை விரித்தான். வில்கமுவப் பக்கம் சுற்றி, லக்கலையில் மலை ஏறி இறங்கி, அதற்குப் பிறகு கடல் என்று விரலால் கோடிழுத்தான். இரண்டு தலைகளும் ஒட்டிக்கொண்டு குனிந்திருந்தன. நானும் எட்டிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் ஆங்கிலம். மலைகள் கைநாட்டு வைத்த மாதிரி வளையம் வளையமாக இருந்தன.

இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறேன். அந்த மலையைப் பற்றி அவன் எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதைக் கேட்டேன்.

"நீ கேக்கல்லயே. இவர் கேட்டார்" என்றான்.

இந்த ஒரு பதிலைத் தின்றுகொண்டே வில்கமுவ வரை போனேன்.

வழியில் ஓர் ஓடைக்கரையில் அஸர் தொழுகைக்கு நிறுத்தினோம். இங்கேதான் எங்கள் சண்டை தொடங்கியது. தூரப் பயணம் போகிறவர் நாலு ரக்அத், அதாவது நாலு சுற்றுத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழலாம், கஸ்று என்பார்கள். திருகோணமலைக்காரன் முன்னால் நின்று, "நாம பயணிதானே, சுருக்குவம்" என்றான். எனக்குச் சிறுவயதில் எங்கள் பள்ளிவாசல் லெப்பை ஓதித் தந்தது ஞாபகம் வந்தது. எங்கே போகிறோம் என்ற முடிவோடு வீட்டை விட்டுப் புறப்பட்டவன்தான் பயணி. போக்கிடம் தெரியாமல் சுற்றித் திரிகிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை.

"நாம நாவுலைக்குச் சாமான் இறக்க வந்த ஆக்கள். எங்க போறோம் எண்டு யாருக்காவது தெரியுமா?" என்றேன்.

"இலங்கையச் சுத்தப் போறோம். அது தூரம் காணாதா ஒனக்கு?"

"சுத்திட்டு எங்க வருவீங்க? வீட்டுக்குத்தானே? அப்ப போற இடம் வீடா?"

கூட்டாளி வாய்விட்டுச் சிரித்தான். யாரைப் பார்த்துச் சிரித்தான் என்பதைக் கவனித்தேன். இரண்டு பேரையும் பார்த்துத்தான். ஆனால் போய்த் திருகோணமலைக்காரனுக்குப் பின்னால் நின்றுகொண்டான். வேறு வழியில்லாமல் நானும் நின்றேன். இரண்டு ரக்அத்தில் திருகோணமலைக்காரன் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தான், கூட்டாளியும் கொடுத்தான். நான் எழுந்து நின்று மிச்ச இரண்டையும் தனியாகத் தொழுதேன். சட்டம் அதற்கு இடம் தருகிறது. எனக்குப் பின்னால் அவர்கள் இரண்டு பேரும் எழுந்து, தண்ணீர் நிரப்பி, ஏதோ பேசிக்கொண்டு லொறிப் பக்கம் போகிற சத்தம் கேட்டது. அல்லாஹ்வுக்கு முன்னால் நின்றுகொண்டு காது முழுவதையும் பின்னால் வைத்திருந்தேன். பேச்சு மீனைப் பற்றியதா, மலையைப் பற்றியதா என்று பிடிபடவில்லை.

இருட்டுவதற்கு முன் ஒரு குளக்கரையில் கூடாரம் போட்டோம். அவன் சொல்லச் சொல்லக் கூட்டாளி முளை அடித்தான். நான் யானை லத்தி கிடக்கிறதா என்று சுற்றிப் பார்த்தேன். கிடந்தது. காய்ந்தது என்றான் திருகோணமலைக்காரன். காய்ந்தாலும் யானையினுடையதுதானே என்றேன். அதற்கும் கூட்டாளி சிரித்தான். முன்பெல்லாம் நான் இப்படிப் பயந்தால் "சரி மச்சான், தள்ளிப் போடுவம்" என்று சொல்லுகிறவன் அவன்.

சோறும் பருப்பும் சமைத்து, கருவாட்டைச் சுட்டோம். லொறி ஆசனத்துக்குக் கீழே ஒரு பெரிய எனாமல் சஹன் எப்போதும் கிடக்கும். எங்கள் ஆட்கள் விருந்துகளில் வட்டமாக உட்கார்ந்து ஒரே தட்டில் உண்பார்கள். அந்தத் தட்டுத்தான் சஹன். வழியில் எங்கே சமைத்தாலும் கூட்டாளியும் நானும் அதில்தான் சாப்பிடுவோம். திருகோணமலைக்காரன் தன் பெட்டியிலிருந்து ஆளுக்கொரு தட்டு எடுத்தான். நான் சஹனை எடுத்து நடுவில் வைத்தேன். தன் தட்டுகளை உள்ளே வைத்துவிட்டு அவனும் வந்து உட்கார்ந்தான்.

சஹனில் ஒரு வழக்கம் இருக்கிறது. நல்ல துண்டு நம் பக்கம் வந்தால் அதை மற்றவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். யார் யார் பக்கம் தள்ளுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கருவாட்டின் நடுத்துண்டு கூட்டாளியின் பக்கம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருடமாக அந்தத் துண்டு என் பக்கம்தான் வரும். அன்று அது மெல்ல நகர்ந்து மாமா மகன் பக்கம் போயிற்று. விருந்தாளிக்குக் கொடுப்பது மரியாதை, தெரியும். தெரிந்தும் அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை. அடுத்த நொடி அவன் அதை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை என் பக்கம் தள்ளினான். அதுதான் இன்னும் மோசம். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் லக்கலைப் பக்கம் வண்டிப்பாதை ஓடையில் முடிந்தது. பக்கத்து வயல்காரர் ஒருவர் தன் சூடடிக்கும் களத்தில் லொறியை நிறுத்த விட்டார். வயதான சிங்களக் கமக்காரர். மரியாதைக்கு "ராலஹாமி" என்று கூப்பிட்டோம். பதிலுக்கு அவர் எங்கள் மூவரையும் "முதலாளி" என்றார். லொறியோடு வரும் சோனகர், அதாவது எங்கள் முஸ்லிம் ஆட்கள், எல்லாரும் அவருக்கு முதலாளிதான். காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை நுழையும் இடம் வரை கூட வந்தார். அங்கே ஒரு மரத்தின் தாழ்ந்த கிளையில் காய்ந்ததும் பச்சையுமாகக் கொப்புகள் தொங்கின. காட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பச்சைக் கொப்பு முறித்துத் தொங்கவிட்டு, காவல் தெய்வத்திடம் சொல்லிவிட்டுப் போகவேண்டுமாம். எங்களுக்கு அது ஆகாது என்று நான் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. தானே ஒரு கொப்பை முறித்துத் தொங்கவிட்டு, மூன்று பேருக்கும் சேர்த்து இதுவே போதும், மூன்று பேராகத் திரும்பி வாருங்கள் என்றார்.

மூன்று பேராக. அப்போது என் மனத்தில் ஓடிய கணக்கை எழுத வெட்கமாக இருக்கிறது. இரண்டு பேராகத் திரும்பினால் எந்த இரண்டு பேர் என்று யோசித்துக்கொண்டே அட்டைக் காட்டுக்குள் ஏறினேன்.

மேலே ஏறினால் மரங்கள் நின்றுவிட்டன. இடுப்பளவு மானாப் புல், அதற்கு மேல் காற்று. மனிதனைத் தள்ளிவிடக்கூடிய காற்று. கீழே மாத்தளை ஒரு பக்கம் புகையாகத் தெரிந்தது. மறுபக்கம் காடும் குளங்களும் வெயிலில் மின்னின. கூட்டாளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் முகம் அப்படி விரிந்து நான் கண்டதில்லை. திருகோணமலைக்காரன் கை நீட்டி, "அந்தா, அந்த முனையில வெள்ளையாத் தெரியுறது கடல்" என்றான். எனக்கு வெறும் வானம்தான் தெரிந்தது. கூட்டாளிக்குத் தெரிந்ததாம். "ஓ, தெரியுது" என்றான்.

காற்றுக்கு மறைவாக ஒரு பாறைக்கடியில் கூடாரம் அடித்தோம். விடியமுன் சுபஹுத் தொழுகைக்கு எழுப்பினார்கள், தொழுதுவிட்டுக் குளிரில் மறுபடி சுருண்டேன். கண் விழித்தபோது நல்ல வெளிச்சம். கூடாரத்தில் நான் மட்டும்.

அந்த நேரம் எனக்கு என்ன நடந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வெளியே வந்து கூப்பிட்டேன். காற்று என் குரலை வாய்க்குள்ளேயே திருப்பிவிட்டது. பிறகு மேலே, மலையின் முதுகில், இரண்டு உருவங்கள் பக்கத்துப் பக்கமாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு, கடல் தெரிகிற பக்கம் பார்த்தபடி. ஒருவன் கையை நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். மற்றவன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

தலையாட்டுகிறான். முடிந்துவிட்டது, சம்மதித்துவிட்டான் என்று நினைத்தேன். சப்பாத்துக்கூடப் போடாமல் புல்லுக்குள் மேலே ஓடினேன். போய் என்ன சொல்லப் போகிறேன் என்று யோசிக்கவில்லை. நடுவில் போய் உட்கார்ந்தால் போதும். காட்டுப்பன்றி கிண்டிய குழி ஒன்று புல்லுக்குள் மறைந்திருந்தது. வலது கால் அதற்குள் போனது, நான் மறுபக்கம் விழுந்தேன். காலுக்குள் ஏதோ முறிகிற சத்தம் எனக்கே கேட்டது.

கூட்டாளி ஓடி வந்து என் காலைப் பிடித்துப் பார்த்து முகம் வெளுத்தான். தூங்குகிறாய் என்று எழுப்பவில்லை, எதற்கடா இப்படி ஓடி வந்தாய் என்று கேட்டான். திருகோணமலைக்காரன் கூடாரத் தடிகளை உடைத்து, கயிற்றால் கணுக்காலுக்கு அணை கட்டினான். கூடாரக் கித்தானைச் சுருட்டிக் கூட்டாளியின் தலையில் வைத்தான். பிறகு எனக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குனிந்தான்.

"ஏறு."

உலகத்தில் யாருடைய முதுகில் ஏறக்கூடாது என்று நினைத்தேனோ, அந்த முதுகில் மலை இறங்கினேன். அவனுடைய கழுத்தில் வெள்ளைக்காரச் சவர்க்கார வாசனை அடித்தது. புல்லிலும் அட்டைக் காட்டிலும் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தான். கூட்டாளி சாமானோடு முன்னால் போய், கொடிகளை விலக்கிவிட்டான். இடையில் அவன் கொஞ்சம் தூரமாகப் போனபோது எனக்கு வாய் திறந்தது. காதுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறேன்.

"நானா, அவனக் கூட்டிட்டுப் போகாதீங்க."

அவன் நடந்துகொண்டே இருந்தான். கேட்கவில்லை போல என்று நினைத்தேன்.

"அவன் போனா எனக்கு ஒண்டும் இல்ல. எனக்குப் படிப்பில்ல. வேற கூட்டாளியும் இல்ல" என்றேன்.

"எனக்கும் யாரும் இல்லடா தம்பி" என்றான். மூச்சு வாங்கியது. "தளத்துல இருந்த ஆக்கள் எல்லாம் போயிட்டாங்க. அந்த வீட்டுல தனிய ஈக்க ஏலாம தான் இங்க வந்தேன்."

இதைக் கேட்டு எனக்கு அவன்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம்தான். வியாபாரம் என்றால் நட்டத்தைச் சொல்லித் தடுக்கலாம். தனிமை என்று சொன்னால் என் கூட்டாளி இளகிவிடுவான். நான் வாயை மூடிக்கொண்டு, கழுத்தைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன். "மெல்லப் பிடி, விழப் போறோம்" என்றான்.

மரக்கொப்பு தொங்கிய இடத்தில் ராலஹாமி நின்றிருந்தார். மூன்று பேரையும் எண்ணிப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்து, இந்தக் காலை மாத்தளைப் பக்கத்து முறிவு வைத்தியரிடம் கொண்டு போங்கள் என்றார். தம்புள்ளைப் பக்கமும் நல்ல வைத்தியர் ஒருவர் இருக்கிறார் என்று அவரே இன்னொன்றையும் சொல்லிவைத்தார். மாத்தளை என்றால் தெற்கே, வீட்டுக்கு. தம்புள்ளை என்றால் வடக்கே, திருகோணமலைப் பாதையில். எனக்கு உயிர் போய் வந்தது.

லொறியில் யாரும் வைத்தியரைப் பற்றிப் பேசவில்லை. திருகோணமலைக்காரன் நடுவில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். ஒவ்வொரு பள்ளத்திலும் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். நான் முழங்கையால் கதவைப் பிடித்திருந்தேன். கூட்டாளி பாதையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அவன் யோசிக்கும்போது கீழுதட்டைக் கடிப்பான். நாவுல வரும் வரை கடித்துக்கொண்டே இருந்தான்.

நாவுலயில் பெரிய பாதையைத் தொட்டதும் லொறியை ஓரமாக நிறுத்தினான். லுஹர், நண்பகல் தொழுகை நேரம். மர நிழலில் பாயை விரித்தோம். என்னை இரண்டு பேரும் தூக்கி இறக்கி உட்கார வைத்தார்கள். நிற்க முடியாது, உட்கார்ந்தே தொழ வேண்டும். திருகோணமலைக்காரன் வழக்கம்போல முன்னுக்குப் போனான். கூட்டாளி அவன் தோளில் கை வைத்து நிறுத்தினான்.

"நான் தொழுவிக்கிறேன்" என்றான்.

நான் அறிந்து அவன் ஒரு நாளும் இமாமாக நின்றதில்லை. சூறா தவறும் என்று கூச்சப்படுவான். இன்று தானே போய் முன்னால் நின்றான்.

எத்தனை ரக்அத் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியமில்லை. இரண்டு என்றால் அவன் இன்னும் பயணி. லொறி வடக்கே திரும்பும். நாலு என்றால் வீட்டுக்குப் போகிறவன். அவன் கையை உயர்த்தித் தக்பீர் கட்டியதும் எனக்கு எல்லாம் அவனுடைய முதுகாகிவிட்டது. பக்கத்தில் திருகோணமலைக்காரன் நிற்கிறான். அவனுடைய முழங்கால் என் தோளில் தொட்டுக்கொண்டிருந்தது. ஜமாஅத் வரிசையில் இடைவெளி விடக்கூடாது. அவனும் எதற்காகவோ காத்திருந்தானோ என்னவோ.

முதல் ரக்அத் முடிந்தது. இரண்டாவதும் முடிந்து அத்தஹிய்யாத்துக்கு உட்கார்ந்தான். ஓதுகிறான். லுஹரில் ஓதுவது வெளியே கேட்காது. தலையை வலது பக்கம் திருப்பினால் ஸலாம். திருப்பவில்லை. நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தான், அல்லது எனக்கு அப்படி இருந்தது. அவனுடைய காதோரம் வியர்வை இறங்குவதைப் பார்த்தேன்.

"அல்லாஹு அக்பர்" என்றான். எழுந்து நின்றான்.

மூன்றாம் ரக்அத்தில் நான் என்ன ஓதினேன் என்று எனக்குத் தெரியாது.

ஆனாலும் என் மனம் அப்படியானது. லொறி திரும்பும் வரை நம்பவில்லை. பயணி நாலு தொழுதாலும் செல்லும், சுருக்குவது கட்டாயமில்லை. அதுவும் லெப்பை சொல்லித் தந்ததுதான்; அது இப்போது எனக்கே எதிராக வந்து நின்றது. என்னைத் தூக்கி ஆசனத்தில் வைத்தார்கள். கூட்டாளி எஞ்சினைக் கிளப்பினான். ஸ்டியரிங்கைப் பிடித்து ஒரு தரம் வடக்கே பார்த்தான். பிறகு லொறியைத் தெற்கே ஒடித்தான். மலைகள் இடது பக்கம் வந்தன. திருகோணமலைக்காரன் என் காலைத் தூக்கித் தன் மடியில் இன்னும் கொஞ்சம் வசதியாக வைத்துக்கொண்டான்.

கிழமைகள் சென்று என் கால் கூடிய பிறகு அவன் தனியாகவே திருகோணமலைக்குப் போனான். கூடாரத்தைக் கூட்டாளிக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அது லொறியின் சாமான்களை மூடப் பயன்பட்டது. மழை பெய்யும்போதெல்லாம் நான் அதை இழுத்துக் கட்டினேன்.

பல வருடம் கழித்துக் கூட்டாளியின் மூத்த மகளின் கலியாணம். திருகோணமலைக்காரனும் வந்திருந்தான்; தலை நரைத்திருந்தது. மூன்று பேரும் ஒரே சஹனில் உட்கார்ந்தோம். கூட்டாளி சுற்றியிருந்தவர்களுக்கு அந்தப் பயணத்தின் கதையைச் சொன்னான். அவன் சொல்லும் கதையில் எப்போதும் மாமா மகன்தான் வீரன். மலையிலிருந்து ஓர் ஆளை முதுகில் சுமந்து இறக்கியவன். அந்த ஆள் நான். வேறொன்றும் நான் அந்தக் கதையில் செய்வதில்லை.

சுற்றியிருந்தவர்கள் கை கழுவ எழுந்தபோது, இத்தனை காலம் உள்ளே கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"மச்சான், அண்டைக்கு நாவுலயில ஏன் நாலு தொழுத?"

அவன் யோசிக்கக்கூட இல்லை.

"நான் ரெண்டோட ஸலாம் குடுத்தா, நீ மிச்சத்தத் தொழ எழும்பப் பாப்பாய். அந்தக் காலோட."

சொல்லிவிட்டு இறைச்சித் துண்டொன்றைச் சஹனில் என் பக்கம் தள்ளினான். எதிர்ப்பக்கம் திருகோணமலைக்காரன் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முறிந்தது அவனுடைய காலாக இருந்தால் எத்தனை தொழுதிருப்பாய் என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.